உயிர் காக்கும் குழாயும் அதன் வழியே வரும் தொற்றும்

அதிதீவிர சிகிச்சைப் பிரிவு என்ற பெயரைக் கேட்டாலே நம்மில் பலருக்கு நெஞ்சு படபடக்கும். ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே இரவிரவாக வாங்கில் இருந்தவர்கள் நாம். உள்ளே கணவனோ, பிள்ளையோ, பெற்ற தாயோ கிடக்க, கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றவர்கள் நாம். யுத்தம் முடிந்த பின்னும் இந்தக் காத்திருப்பு முடியவில்லை. வீதி விபத்து, பாம்புக்கடி, டெங்கு, சிறுநீரக நோய், பிரசவச் சிக்கல் என்று ஏதோ ஒன்று நம்மை மறுபடியும் அந்த வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

அந்த வாசலில் அடிக்கடி கேட்கும் ஒரு கதை உண்டு. “கொண்டுபோன வருத்தம் சுகமாகித்தான் வந்தது. பிறகு காய்ச்சல் வந்து, இரத்தத்தில கிருமி எண்டு சொல்லிச்சினம். அதோட எல்லாம் முடிஞ்சுது” என்பார்கள். கடைசியில் “விதி” என்று ஒரு பெருமூச்சு வரும்.

சகோதரிகளே, இந்தக் கதைகளில் ஒரு பகுதிக்கு விதி காரணம் அல்ல. நோயாளியின் இரத்த நாளத்தில் ஏற்றப்பட்ட குழாய் வழியாகக் கிருமி உள்ளே போவதே அதன் காரணம். இவ்வகைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்க முடியும் என்று கடந்த 20 ஆண்டுகளுக்கு மேலான அனுபவம் காட்டியிருக்கிறது. விலையுயர்ந்த புதிய மருந்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. கை கழுவுதல் முதலான சில எளிய காரியங்களை ஒவ்வொரு தடவையும் தவறாமற் செய்ததும், தவறும்போது “நில்லுங்கள்” என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருந்ததுமே அதைச் சாதித்தன. அந்த அனுபவத்தை நாமும் அறிந்திருப்பது நல்லது.

இந்தக் குழாய் எதற்கு?

சாதாரண விடுதியில் சேலைன் ஏற்றுவதற்குக் கையில் குத்தி ஒட்டும் சிறிய குழாயை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதைக் ‘கனுலா’ என்பார்கள். கடும் நோயாளருக்கு அது போதாது. இரத்த அழுத்தம் விழாமற் காக்கும் வலிமையான மருந்துகளைச் சிறிய நாளத்தில் ஏற்றினால் அந்த நாளமும் சுற்றியுள்ள தசையும் பழுதாகிவிடும். ஆகவே கழுத்திலோ, காறை எலும்புக்குக் கீழோ, தொடை இடுக்கிலோ உள்ள பெரிய நாளம் ஒன்றினுள் நீளமான குழாய் ஒன்றைச் செலுத்துவார்கள். கழுத்து வழியாகவோ காறை எலும்பின் கீழாகவோ ஏற்றினால் அதன் நுனி இதயத்துக்கு அருகே போய் நிற்கும். இதை மைய நாளக் குழாய் என்று சொல்லலாம். டொக்டர்மார் ‘சென்றல் லைன்’ என்று பேசிக்கொள்வார்கள்.

இந்தக் குழாயின் வெளிப்பக்கத்தில் இரண்டு மூன்று வாய்கள் இருக்கும். ஒன்றில் மருந்து, இன்னொன்றில் சேலைன், மற்றொன்றில் இரத்தம் எடுத்தல் என்று ஒரே சமயத்தில் பல வேலைகள் நடக்கும். வாயால் உண்ண முடியாத நோயாளருக்கு ஊட்டம் கொடுக்கவும், அவசரமாக டயலிசிஸ் செய்யவும் இது போன்ற குழாய்களே பயன்படுகின்றன. எனவே குழாயைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. உயிரைக் காப்பதற்காகவே அதை ஏற்றுகிறார்கள்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நமது தோல் ஒரு மதில் போன்றது. கோடிக்கணக்கான கிருமிகள் அதன் மேல் வாழ்ந்தாலும் உள்ளே வர முடியாது. குழாய் ஏற்றும்போது அந்த மதிலில் ஒரு துவாரம் உண்டாகிறது. அதுவும் இரத்தம் ஓடும் பெருவீதிக்கே நேராகத் திறக்கும் துவாரம்.

கிருமி எப்படி உள்ளே போகிறது?

இதற்குப் பிரதானமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நோயாளியின் தோலில் இருக்கும் கிருமிகள் குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்குவது. குழாய் ஏற்றும் வேளையில் தோலைச் சரியாகத் துப்புரவாக்காவிட்டாலோ, பின்னர் அதன் மேல் ஒட்டிய பிளாஸ்ரர் நனைந்து கழன்றுபோனாலோ இது நடக்கும். மற்றது, மருந்து ஏற்றுவதற்காகக் குழாயின் வாயைத் திறந்து மூடும் கைகளில் இருந்து கிருமி உட்செல்வது. குழாய் எத்தனை நாள் உடலில் இருக்கிறதோ, எத்தனை தடவை திறந்து மூடப்படுகிறதோ, அந்த அளவுக்கு ஆபத்தும் கூடும்.

தண்ணீர்த் தாங்கியைச் சில வாரங்கள் கழுவாமல் விட்டால் உட்புறத்தில் வழுவழுப்பாக ஒரு படலம் பிடிக்கும் அல்லவா? குழாயின் சுவரிலும் கிருமிகள் அவ்வாறான ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகளை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எளிதில் அழிக்க முடியாது. அதனாலேயே தொற்று வந்த பின் பல சமயங்களில் குழாயையே கழற்றிவிட வேண்டியதாகிறது. வேறோர் இடத்தில் புதிய குழாய், வலிமை கூடிய மருந்து, மேலும் பல நாட்கள் ஐ.சி.யூ.வில் என்று நோயாளியின் பாடு நீண்டு போகும். இத்தொற்று வந்தவர்களில் நான்கில் ஒருவர் வரை இறக்க நேரிடலாம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் கூறியிருக்கிறது.

வியன்னாவின் ஏழைத் தாய்மார் அறிந்த உண்மை

வைத்தியசாலையே நோயைக் கொடுக்கக்கூடும் என்பதை முதலில் உணர்ந்தவர்களில் ஏழைப் பெண்களும் இருந்தார்கள் என்பதை இங்கு சொல்லத்தான் வேண்டும்.

ஒஸ்ரியாவின் தலைநகரான வியன்னாவின் பொது வைத்தியசாலையில் 1840களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதலாம் பிரிவில் வைத்தியர்களும் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தனர். 1846ஆம் ஆண்டில் முதலாம் பிரிவில் 100 தாய்மாருக்கு 11 பேர் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் இறந்தவர்கள் 100க்கு மூவருக்கும் குறைவு. நகரத்து ஏழைத் தாய்மாருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பிரிவுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை என்பது தெரியும். தங்களை முதலாம் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று அவர்கள் முழந்தாளிட்டு மன்றாடினார்கள். அந்தப் பெண்களின் பயத்தை எவரும் பொருட்படுத்தவில்லை.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் அதன் காரணத்தைத் தேடினார். பிணப் பரிசோதனை செய்துவிட்டு அதே கைகளுடன் மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதை அவர் கவனித்தார். 1847ஆம் ஆண்டு மே மாதத்தில் இருந்து எல்லோரும் குளோரின் கலந்த நீரில் கை கழுவியே உள்ளே வரவேண்டும் என்று கட்டளையிட்டார். 1848இல் முதலாம் பிரிவின் மரணம் 100க்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. இருந்தும் பெரிய வைத்தியர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. தங்கள் கைகள் அழுக்கானவை என்று சொல்லப்படுவதை அவர்களால் தாங்க முடியவில்லை.

இந்த இடத்தில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். கை கழுவுதல் உயிர் காக்கும் என்பது ஒன்று. அதைச் செய்யும்படி பெரியவர்களுக்குச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது மற்றது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னும் இந்த இரண்டாவது விடயமே பெரும் தடையாக இருந்தது.

ஒரு தாயின் குரல்

2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் ஜோசி கிங் என்ற 18 மாதக் குழந்தை குளியற்றொட்டியின் சுடுநீரில் எரிகாயம் அடைந்தது. உலகப் புகழ் பெற்ற ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் அக்குழந்தை அனுமதிக்கப்பட்டது. காயங்கள் ஆறி வந்தன. வீட்டுக்குப் போகும் நாளும் நெருங்கியது. ஆனால் வைத்தியசாலையில் பிடித்த தொற்று, உடலில் நீர் வற்றிப்போனமை, கொடுத்திருக்கக் கூடாத வலிநிவாரண மருந்து என்பன ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து பெப்ரவரி மாதத்தில் அக்குழந்தையின் உயிரைப் பறித்தன.

தாய் சொரல் கிங் குழந்தையின் பக்கத்திலேயே இருந்தவர். பிள்ளை தாகத்தால் தவிப்பதையும், உடம்பு துடைக்கும் ஈரத் துணியைச் சப்புவதையும் கண்டு, ஏதோ பிழை என்று சொன்னவர். அவரது சொல் உரிய நேரத்தில் எடுபடவில்லை. வைத்தியசாலை பின்னர் தன் தவறை ஏற்றுக்கொண்டு நட்டஈடு வழங்கியது. சொரல் கிங் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அதே வைத்தியசாலைக்குத் திருப்பிக் கொடுத்து, சிறுவர் பிரிவில் நோயாளர் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஆரம்பிக்கச் செய்தார். தமது கதையை 2009இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார். பிள்ளையை இழந்த ஒரு தாய், மற்றைய தாய்மாரின் பிள்ளைகளுக்காக எழுந்து நின்றார்.

ஐந்து காரியங்கள்

அதே வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியவர் பீற்றர் புரொனோவோஸ்ற் என்ற வைத்தியர். மைய நாளக் குழாயினால் வரும் தொற்றைக் குறைக்க, அதே 2001இல் அவர் ஒரு தாளில் ஐந்து காரியங்களை எழுதினார்.

1. குழாய் ஏற்றுவதற்கு முன் கைகளைக் கழுவுதல்.
2. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநீக்கியினால் நோயாளியின் தோலைத் துப்புரவு செய்தல்.
3. நோயாளியின் உடல் முழுவதையும் கிருமி நீக்கிய விரிப்பால் மூடி, குழாய் ஏற்றுபவர் தொப்பி, முகக்கவசம், கிருமி நீக்கிய மேலங்கி, கையுறை ஆகிய அனைத்தையும் அணிதல்.
4. இயன்றவரை தொடை இடுக்கைத் தவிர்த்தல்.
5. தேவை முடிந்ததும் குழாயைத் தாமதமின்றி அகற்றுதல்.

இதில் வைத்தியர்கள் அறியாதது எதுவும் இல்லை. படிக்கும் காலத்திலேயே கற்றவைதான். ஆனால் அவை உண்மையில் செய்யப்படுகின்றனவா? ஒரு மாதம் கவனித்துப் பார்க்கும்படி தாதியரிடம் அவர் கேட்டார். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நோயாளரில் குறைந்தது ஒரு காரியமாவது விடுபட்டிருந்தது. இது கெட்ட எண்ணத்தால் நேர்ந்தது அல்ல. அவசரம், களைப்பு, பொருட்கள் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமை என்பவையே காரணம்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியமானது. வைத்தியர் ஒரு படியை விட்டுவிட்டால் அந்த வேலையை நிறுத்தும் அதிகாரத்தை நிர்வாகத்தின் மூலம் தாதியருக்குப் பெற்றுக் கொடுத்தார். அதுவரை தாதியர் பிழையைக் கண்டாலும் வாய் திறக்கத் தயங்கினார்கள். டொக்டருக்கு எதிரே எப்படிச் சொல்வது என்ற அச்சம் அங்கும் இருந்தது. இப்போது “டொக்டர், விரிப்புப் போடவில்லை” என்று சொல்வது அவர்களது கடமையாயிற்று. ஓராண்டின் பின் பார்த்தபோது, குழாய் ஏற்றி 10 நாட்களுக்குள் தொற்று வருவது 100க்கு 11 என்ற நிலையில் இருந்து பூச்சியத்துக்கு வந்திருந்தது.

மிச்சிகன் மாநிலம் காட்டிய வழி

ஒரு பெரிய வைத்தியசாலையில் நடந்தது எல்லா இடத்திலும் நடக்குமா என்ற கேள்வி எழுந்தது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இம்முறையைக் கைக்கொள்ள முன்வந்தன. அவற்றில் ஏழைகள் வாழும் நகரங்களின் வைத்தியசாலைகளும் இருந்தன.

அங்கு முதலில் தெரியவந்தது பொருள் தட்டுப்பாடு. தேவையான குளோர்ஹெக்சிடின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிரிவுகளிலேயே இருந்தது. உடல் முழுவதையும் மூடும் விரிப்புகளும் பல இடங்களில் இருக்கவில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் பொறுப்பாக நியமிக்கப்பட்ட மேலதிகாரிகள் நேரில் வந்து தாதியரிடம் குறைகளைக் கேட்டறிந்து அவற்றைப் பெற்றுக் கொடுத்தனர். குழாய் ஏற்றத் தேவையான எல்லாப் பொருட்களும் ஒரே தள்ளுவண்டியில் தயாராக வைக்கப்பட்டன. தேடி ஓடவேண்டிய தேவை இல்லாமற் போனதும் படிகள் விடுபடுவதும் குறைந்தது.

இதன் முடிவுகள் 2006ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயின. 103 பிரிவுகளின் கணக்கு அது. தொற்றைக் கணக்கிடும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நோயாளியிடம் ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய் நாள். 100 நோயாளரிடம் 10 நாட்கள் இருந்தால் ஆயிரம் குழாய் நாட்கள். ஆரம்பத்தில் ஆயிரம் குழாய் நாட்களுக்குச் சராசரியாக 7.7 தொற்றுகள் ஏற்பட்டன. ஒன்றரை ஆண்டு கழிந்தபோது அது 1.4 ஆகக் குறைந்தது. பிரிவுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் தொற்றே இல்லை. அந்த 18 மாதங்களில் ஏறத்தாழ 1500 உயிர்கள் காக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது.

பின்னர் அமெரிக்கா முழுவதிலும் தடுப்பு முயற்சிகள் பரவின. 2001இல் அந்நாட்டின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சுமார் 43,000 ஆக இருந்த இத்தொற்று 2009இல் சுமார் 18,000 ஆகக் குறைந்தது. இங்கிலாந்தும் 2009 முதல் 2011 வரை இதே வழியில் ஒரு திட்டத்தை நடத்தியது. அங்கும் வயது வந்தோருக்கான பிரிவுகளில் ஆயிரம் குழாய் நாட்களுக்கு 3.7 ஆக இருந்த தொற்று 1.48 ஆக இறங்கியது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தாளில் அடையாளம் இட்டுவிட்டால் மட்டும் தொற்று போய்விடாது. பொருட்கள் இருக்க வேண்டும், ஆட்கள் போதுமாக இருக்க வேண்டும், தாதியரின் சொல் மதிக்கப்பட வேண்டும். செல்வந்த நாடுகளைவிட வளர்முக நாடுகளில் இத்தொற்று பல மடங்கு அதிகம் என்பதற்கு இவற்றின் குறைபாடு ஒரு முக்கிய காரணம். போர்க்காலத்தில் பஞ்சும் கையுறையும் இன்றி வைத்தியர்களும் தாதியரும் பட்ட பாட்டைக் கண்ணால் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. எனவே ஒரு தாதியைக் குறை சொல்லு முன், அவர் எத்தனை நோயாளரை ஒரே நேரத்தில் பார்க்கிறார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழாய் ஏற்றிய பின்

நல்ல முறையில் ஏற்றினாலும் நாள்தோறும் பராமரிப்பு வேண்டும். ஒவ்வொரு முறை மருந்து ஏற்று முன்னும் கை கழுவி, குழாயின் வாயைக் கிருமிநீக்கியால் நன்றாகத் தேய்த்துத் துடைத்து, காயவிட வேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்ரரைச் சாதாரணமாக ஏழு நாட்களுக்கு ஒரு முறையும், துணி வைத்துக் கட்டியிருந்தால் இரண்டு நாட்களுக்கு ஒரு முறையும் மாற்றுவார்கள். நனைந்தாலோ, அழுக்கானாலோ, கழன்றாலோ அந்த நேரமே மாற்ற வேண்டும். “இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?” என்ற கேள்வியை வைத்தியர் ஒவ்வொரு நாளும் கேட்டுப் பார்க்க வேண்டும். தேவையற்ற குழாயை எடுத்துவிடுவதைவிடச் சிறந்த தடுப்பு வேறில்லை.

இவை எல்லாம் வைத்தியசாலையின் பொறுப்பு. நமது பொறுப்பு என்ன?

கட்டிலருகே நாம் செய்யக்கூடியது

ஐ.சி.யூ.வில் பார்வையாளருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களிலும் நாம் நன்மையும் செய்யலாம், தீமையும் செய்யலாம்.

உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கைகளைக் கழுவுங்கள். சவர்க்காரமும் நீரும் என்றால் 40 முதல் 60 விநாடிகள், கைக்குத் தேய்க்கும் அற்ககோல் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடிகள் வேண்டும். விரல் இடுக்கு, நகக்கண், பெருவிரல், மணிக்கட்டு எல்லாம் தேய்க்கப்பட வேண்டும். கைப்பையில் ஒரு சிறிய சவர்க்காரத் துண்டை வைத்திருப்பது உதவும். கை கழுவிய பிறகு கைத்தொலைபேசியைத் தொட்டால் கழுவியது வீண்.

கோயிலில் இருந்து திருநீறும் தீர்த்தமும் கொண்டுபோவது நமது வழக்கம். செபித்த எண்ணெய் கொண்டுபோவோரும் உண்டு. மனத்துக்கு ஆறுதல் தரும் அவற்றைத் தாதியிடம் கேட்டு நெற்றியில் மட்டும் இடுங்கள். குழாய் உள்ள கழுத்துப் பக்கமோ நெஞ்சுப் பக்கமோ பூசவும் தெளிக்கவும் வேண்டாம். தைலம், பவுடர் என்பனவும் அப்படியே.

குழாயையோ, பிளாஸ்ரரையோ, சேலைன் மூடியையோ நீங்கள் தொடவேண்டாம். சேலைன் முடிந்துவிட்டால் தாதியைக் கூப்பிடுங்கள். என்ன நடந்தாலும் குழாயை இழுக்கக் கூடாது. பெரிய நாளத்துக்குள் காற்றுப் புகுந்தோ, இரத்தம் பெருகியோ உயிராபத்து ஏற்படலாம். காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம், கையில் சீழ்ப்புண் உள்ளவர்கள் உள்ளே போகாமல் வேறொருவரை அனுப்புங்கள்.

இனிக் கண்களுக்கு வேலை கொடுங்கள். பிளாஸ்ரர் ஓரம் கழன்றிருக்கிறதா? குழாய் உள்ள இடம் சிவந்து, வீங்கி, சீழ் வைத்திருக்கிறதா? நோயாளிக்குத் திடீரென நடுக்கமும் காய்ச்சலும் வந்திருக்கிறதா? கண்டதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். சண்டை பிடிக்கவும் தேவையில்லை. பணிவாகவும் தெளிவாகவும் சொன்னால் போதும்.

“மிஸ், அம்மாவின்ர கழுத்தில ஒட்டின பிளாஸ்ரர் நனைஞ்சு கழண்டு போச்சு. ஒருக்காப் பாக்கிறீங்களா?”

“டொக்டர், இவருக்கு இந்தக் குழாய் இன்னும் தேவையோ? எப்ப எடுக்கலாம்?”

இவ்வளவுதான். இந்தக் கேள்வி எவரையும் அவமதிப்பதில்லை. கொழும்பு, அநுராதபுரம், கண்டி என்று தூர இடங்களுக்கு நோயாளி மாற்றப்பட்டு மொழி தெரியாமல் நிற்கும் வேளையில், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரைக் கூப்பிட்டுத் தரும்படி கேளுங்கள். பெரிய அரச வைத்தியசாலைகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்றே தாதிய உத்தியோகத்தர்கள் உள்ளனர். சொன்னது கவனிக்கப்படாவிட்டால் விடுதிப் பொறுப்புத் தாதியிடம் அவர்களைப் பற்றிக் கேட்கலாம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். காய்ச்சல் எல்லாம் குழாயினால் வருவதல்ல. நுரையீரல், சிறுநீர்க் குழாய், அறுவைக் காயம் என்று வேறு காரணங்களும் உண்டு. எது என்று இரத்தப் பரிசோதனை மூலம் வைத்தியரே கண்டறிய வேண்டும். வீட்டில் மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லிக் குளுசைகளை நாமாகக் கொடுப்பது மிகவும் ஆபத்தானது. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். பிறகு ஐ.சி.யூ.வில் கொடுக்கும் மருந்தும் வேலை செய்யாது போகலாம்.

சிறிய கனுலாவும் டயலிசிஸ் குழாயும்

ஐ.சி.யூ. வரை போகாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கையில் குத்தும் சிறிய கனுலாவாலும் தொற்று வரும். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இந்தச் சிறிய குழாய்களுக்கென்றே தடுப்பு வழிகாட்டல்களை வெளியிட்டது. அந்த இடம் நோகிறது, சிவக்கிறது, சுடுகிறது, நாளம் கயிறு போல் தடிக்கிறது என்றால் உடனே சொல்லுங்கள். மருந்து ஊசி நின்றுவிட்டால் கனுலாவை எடுக்கலாமா என்று கேளுங்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு வரும் நாளில், எல்லாக் கனுலாவும் கழற்றப்பட்டதா என்று பிள்ளையின் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவிலும் பல குடும்பங்களை வாட்டி வருவதை அறிவோம். அவசர டயலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் ஏற்றப்பட்டவர்கள் சிலர் அந்தக் குழாயுடனேயே வீட்டுக்கும் வந்து போகிறார்கள். குழாய்ப் பகுதி நனையாதபடி உடம்பு கழுவுங்கள். கிணற்றடியில் தலைக்கு அள்ளி ஊற்ற வேண்டாம். வீட்டில் எவரும் மூடியைத் திறக்கக் கூடாது. டயலிசிஸ் நடக்கும்போதோ, அது முடிந்து வீடு வந்த பின்போ நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், பனடோல் போட்டுவிட்டு விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம். இரவானாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். தொடர்ந்து டயலிசிஸ் தேவைப்படுவோருக்குக் கையில் இரண்டு நாளங்களை இணைத்துச் செய்யும் சிறிய சத்திரசிகிச்சை குழாயைவிடப் பாதுகாப்பானது. அது பாவனைக்குத் தயாராகச் சில வாரங்கள் முதல் மாதங்கள் வரை எடுக்கும். ஆகவே கிளினிக்கில் முற்கூட்டியே அதைப் பற்றிக் கேட்டு வையுங்கள்.

யுத்தம் நம்மில் பலரைக் குடும்பத் தலைவிகளாக்கியது. நிவாரணத்துக்கும், காணிக்கும், காணாமற் போனவர்களைத் தேடுவதற்கும் எத்தனையோ அலுவலகப் படிகளில் ஏறிக் கேள்வி கேட்கப் பழகிவிட்டோம். ஆனால் வைத்தியசாலைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. “அவைக்குத் தெரியாததே எங்களுக்குத் தெரியும்?” என்று ஒதுங்கிவிடுகிறோம். வியன்னாவின் ஏழைத் தாய்மாருக்கும் பால்ரிமோரின் அந்தத் தாய்க்கும் மருத்துவம் தெரியாது. ஆனால் அவர்கள் கண்டது சரியாக இருந்தது. நோயாளியை நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பவர் கண்ணுக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாமற் போகலாம். அதைச் சொல்லுங்கள்.

வெட்டி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்

• நோயாளியைத் தொடு முன்னும் தொட்ட பின்னும் கை கழுவுவேன்.
• குழாயையும் பிளாஸ்ரரையும் தொடமாட்டேன், மற்றவரையும் தொட விடமாட்டேன்.
• திருநீறு, தீர்த்தம், எண்ணெய் எதுவும் குழாய்ப் பக்கம் படாமற் பார்ப்பேன்.
• பிளாஸ்ரர் நனைந்தால், கழன்றால் உடனே தாதிக்குச் சொல்வேன்.
• நடுக்கம், காய்ச்சல், சிவப்பு, வீக்கம், சீழ் கண்டால் காத்திருக்க மாட்டேன்.
• “இந்தக் குழாய் இன்னும் தேவையா?” என்று கேட்பேன்.
• வைத்தியர் சொல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்க மாட்டேன்.
• வீட்டுக்குப் புறப்படு முன் கனுலா கழற்றப்பட்டதா என்று பார்ப்பேன்.